ஹெல்மெட் போட்ட குருசாமி

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு மலை விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. கல்வராயன் மலை என்று ஒன்று கைவசம் இருந்தது. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது நடந்த பாகப்பிரிவினையில் அது தம்பி பங்குக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் பேர் சொல்லும்படியானவை செஞ்சிக் கோட்டையும் மயிலம் முருகன் குன்றும்தான். செஞ்சியில் உயரமான ராஜகிரியே சுமார் 800 அடி. அதையும் காலால்தான் ஏற வேண்டும், பைக் அடிவாரத்தோடு சரி. விழுப்புரம் ஜங்ஷனிலோ திண்டிவனம் ஸ்டேஷனிலோ மஞ்சள் பலகையின் கீழே பொடி எழுத்தில் கடல் மட்ட உயரம் போட்டிருக்கும். 50 மீட்டரைத் தாண்டாது. இப்படி ஒரு சமதரையில் பிறந்தவன் லடாக்கில் கர்துங் லா கணவாய்வரை புல்லட்டில் போய்வர ஆசைப்படுவதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அவன் முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் மெக்கானிக், அதற்கும் பின்னால் சாமான் ஏற்றிய வேன் என்று போகும் கோஷ்டியில் பேர் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு நியாயமில்லை என்பது என் கட்சி.

“கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு சாகசமாய்யா?” என்று கேட்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நிற்பவர் அவராகத்தான் இருப்பார். சபரிமலைக்கு அவர் தனியாகப் போனதுண்டா? பல வருஷம் மலை ஏறிய குருசாமி மாலை போட்டுவிட வேண்டும், அவரே இருமுடி கட்ட வேண்டும், எந்த இடத்தில் வேன் நிற்கும், எங்கே குளியல், எங்கே கஞ்சி என்பதெல்லாம் அவர் வாக்கு. கன்னிசாமி எதிர்த்துப் பேசுவதில்லை. ஏற்றத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டால் கிளப்பிக்கொண்டு வருவதற்கென்றே ஒரு மூத்த சாமி கடைசியில் நடப்பார். இந்த ஏற்பாட்டைத்தான் மோட்டார் சைக்கிள்காரர்கள் ‘லீட்’ என்றும் ‘ஸ்வீப்’ என்றும் சொல்கிறார்கள். லீடைத் தாண்டி யாரும் போகக் கூடாது, ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. விரதம்கூட உண்டு. 11,500 அடியில் இருக்கும் லே நகரத்தில் விமானத்தில் போய் இறங்கினால் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். குடி கூடாது, சிகரெட் கூடாது, மாடிப்படியைக்கூட மெதுவாகத்தான் ஏற வேண்டும். 41 நாள் இருந்து பழகியவனுக்கு 48 மணி நேரம் ஒரு கணக்கா என்று தோன்றும். ஆனால் மாலை போடாத மாதத்தில், அதுவும் நண்பர்களோடு போன இடத்தில், அந்த 48 மணி நேரத்தைக் காப்பாற்ற ஒரு குருசாமி தேவைப்படுகிறார். கர்துங் லா உச்சியில் தரிசனமும் திருப்பதி மாதிரிதான். மஞ்சள் பலகைக்கு முன்னால் போட்டோவுக்கு வரிசை. அந்தக் காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது நல்லதல்ல என்பதால் ஜருகண்டி.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்திலேயே உயரமான மோட்டார் பாதை, 18,380 அடி என்று நெடுங்காலம் அதில் எழுதியிருந்தது. பிறகு ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் 17,582 அடிதான் என்றார்கள். கழித்துப் பாருங்கள்: 798. ஏறக்குறைய நம் ராஜகிரி. செஞ்சிக் கோட்டை மலையைத் தூக்கிக்கொண்டுபோய் இமயமலை மேல் வைத்துத்தான் இத்தனை காலம் பெருமை பேசியிருக்கிறார்கள்! (இப்போது 19,024 அடியில் உம்லிங் லாவில் சாலை போட்டு, 2021ல் கின்னஸ் சான்றும் வாங்கியாகிவிட்டதால் இந்தக் கடன் தீர்ந்தது.) வயதைப் பார்த்தாலும் இமயமலை சின்னப் பையன். செஞ்சிப் பாறை உருவாகி இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. இமயம் எழும்பத் தொடங்கி ஐந்து கோடி வருஷம் ஆகியிருந்தால் அதிகம். விடலைப் பையன்களுக்குரிய குணமெல்லாம் அதனிடம் உண்டு. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, முன்னறிவிப்பில்லாமல் கல்லை உருட்டுகிறது. பழகியவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது.

“சென்னை திருச்சி ஹைவேயில் ஓட்டினவனுக்கு வேறெங்கே ஓட்டினாலும் பயமில்லை” என்று ஒரு வாதம் வரும். இதை லேசில் தள்ள முடியாது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ராத்திரி பத்து மணிக்குப் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரையும், ராங் சைடில் மாமியாரோடும் தவிட்டு மூட்டையோடும் வரும் எக்ஸ்எல் வண்டியையும் ஒரே நேரத்தில் சமாளித்தவனுடைய தைரியத்தைச் சந்தேகிக்க நான் யார்? ஆனால் தைரியம் வேறு, ஆக்சிஜன் வேறு. கர்துங் லா உயரத்தில் ஒரு மூச்சில் கிடைப்பது நம் ஊரில் கிடைப்பதில் பாதி. இன்ஜினுக்கும் அதே கதிதான். பழைய கார்பரேட்டர் புல்லட் என்றால் பெட்ரோல் வழக்கம்போல் வரும், காற்று வராது. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு நிற்கும். தெரியாதவன் கிக்கரை உதைத்து உதைத்து, இருக்கிற பாதி மூச்சையும் விடுவான். அடுத்தது தண்ணீர். வெள்ளம் எப்படி வரும் என்று 2024ல் ஃபெஞ்சல் புயல் நமக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தென்பெண்ணை ஹைவே மேலேயே ஏறியது. ஆனால் நாம் படித்த பாடம் அங்கே செல்லாது. இங்கே மழை பெய்தால் வெள்ளம். அங்கே வெயில் அடித்தால் வெள்ளம். காலையில் கணுக்காலளவு ஓடும் ஓடை, பனி உருகி மத்தியானத்துக்குமேல் சைலன்சரை முழுங்கும். வழிகாட்டி விடிகாலையில் எல்லோரையும் எழுப்பித் தொலைப்பதற்குக் காரணம் அதுதான். பெட்ரோல் கதை இன்னொன்று. மணாலி லே பாதையில் தண்டி என்ற ஊர் பங்க், ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகைக்காகவே பேர் போனது. விழுப்புரத்தில் டேங்க்கை நிரப்பினால் விருதுநகர் தாண்டியும் பங்க் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கோ விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் எத்தனை பங்க் என்று எண்ணி முடியாது.

தனியாகப் போனவர்களின் சரித்திரத்தையும் பார்த்துவிடலாம். 1952ல் சே குவேரா தென் அமெரிக்காவைச் சுற்றியதை எல்லா பைக்காரர்களும் உதாரணம் காட்டுவார்கள். அவரும் தனியாகப் போகவில்லை, நண்பர் அல்பெர்த்தோ கிரனாதோ கூட இருந்தார். அவர்களுடைய நார்ட்டன் பைக் சிலி நாட்டிலேயே உயிரை விட்டது. மீதிப் பயணம் லாரி, கப்பல், கால்நடை. உலகம் கொண்டாடும் அந்த மோட்டார் சைக்கிள் பயணத்தின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளே கிடையாது! பின்னால் மெக்கானிக் வேன் வந்திருந்தால் அது புரட்சிக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அடுத்த வருஷம் எவரெஸ்ட்டில் நின்ற டென்சிங், ஹிலாரிக்குப் பின்னால் முந்நூறுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் இருந்தார்கள். அவர்களை யாரும் கோஷ்டிப் பயணிகள் என்று கேலி செய்யவில்லை. நம் மண்ணில் யார் பேச்சும் கேட்காமல் சவாரி போன வீரன் என்றால் தேசிங்கு ராஜன். டெல்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து பின்னாலேயே ஓடிவந்த தோழன் மகமத்கானை வேண்டுமானால் அவனுக்கு ஸ்வீப் என்று கொள்ளலாம். ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிரே சிறு படையோடு பாய்ந்து 1714ல் செத்தபோது தேசிங்குக்கு வயது 22. பாட்டு கட்ட அருமையான சவாரி. வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் முன்மாதிரியாகக் கொள்ளத் தக்கதா என்று கேட்டால், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எதிர்க்கட்சியிடம் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோஷ்டியில் போனால் தனிமை கிடையாது. முன்னால் போகிறவனுடைய சிவப்பு விளக்கையும் அவன் முதுகில் அச்சடித்த பேரையும் பார்த்துக்கொண்டே இமயமலையைக் கடந்துவிடலாம். டீ எங்கே என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். பேச்சுத் துணைக்கு வாய்ப்பவர் தன் வண்டியின் மைலேஜைப் பற்றி ஒன்பது நாளும் பேசுபவராக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் தனியாகப் போனால் மட்டும் என்ன வாழ்கிறது? வெளியூர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பது அங்கே போன பிறகு தெரியும்; கிளட்ச் கேபிள் அறுந்த இடத்தில் கிடைக்கும் தனிமையை யாரும் கவிதையாக எழுதியதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டில் மட்டுமாவது நமக்கு வழிகாட்டி வேண்டாம் என்று திண்டிவனத்துக்காரர் ஒருவர் சொல்லலாம். ஊர்ப்பேரே புளியங்காடு. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், கணவாய் உச்சியில் இன்னும் குறைவு. குக்கர் இல்லாமல் சோறு வேகாது, பருப்பு சத்தியமாக வேகாது. மேலே டீக்கடைகளில் நூடுல்ஸ் ராஜ்ஜியம் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நல்லெண்ணெய் மிதக்க மிதக்க ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலோடு கிளம்புவது புத்திசாலித்தனம்தான். சிக்கல் என்னவென்றால், அந்த பாட்டிலுக்குள் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் திண்டிவனத்துக் காற்றும் அடைபட்டிருக்கிறது. வழியில் சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலையணையாக உப்பும்போது, இதுவும் மூடியை முட்டும். எண்ணெய் கசிந்து சேடில் பேக்கில் இருக்கும் கம்பளி, சாக்ஸ், பர்மிட் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் புளியோதரையாக்கிவிடும். ஒவ்வொரு கணவாய்க்கு முன்னாலும் மூடியை ஒரு தடவை திறந்து காற்றை விட்டு மறுபடி இறுக்கு என்று சொல்ல, அங்கேயும் ஒரு குருசாமி வேண்டியிருக்கிறார். அவர் சாதத்தோடு தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றால் மறுக்க முடியாது.