எண்ணெய் ஊர் கேள்விகள்

கே: அமெரிக்காவில் வில்லிஸ்டன் என்ற ஊரின் ஜனத்தொகை பத்தே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டதாமே! வீட்டுக்கு வீடு இரட்டைப் பிள்ளையா?

ப: தொட்டிலில் வந்த பெருக்கம் இல்லை, துளையில் வந்தது. வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய கோதுமைச் சீமை அது. 2010 சென்சஸில் 14,716 பேர், 2020-இல் 29,160. ஊருக்கு அடியில் பாக்கன் என்ற பாறைப் படுகை. எண்ணெய் இருப்பது 1950-களிலேயே தெரியும், பாறைதான் விடவில்லை. குழாயை ஆழத்தில் இறக்கிப் படுக்கைவாட்டில் திருப்பி, தண்ணீரையும் மணலையும் பேய் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் வித்தை கைகூடியதும் கொட்ட ஆரம்பித்தது. நேரத்தையும் பாருங்கள். 2008-க்குப் பிறகு நாடெங்கும் வேலை பறிபோய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கடன் தவணையில் கழுத்து நெரிபட்டவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கே: இத்தனை பேரும் எங்கே படுத்தார்கள்?

ப: பலர் வண்டியிலேயே. வால்மார்ட் கடையின் பார்க்கிங்கில் கொஞ்ச காலம் ஒரு பேட்டையே இருந்தது. கம்பெனி ஆட்களுக்கு 'மேன் கேம்ப்' என்ற பெட்டி அறைகள். குளிர்காலத்தில் மைனஸ் முப்பது வரை போகும் ஊர், மறந்துவிடாதீர்கள். 2014-இல் எடுத்த ஒரு வாடகைக் கணக்கில், ஒரு படுக்கையறை கொண்ட சின்ன வீட்டுக்கு மாதம் 2,300 டாலருக்கு மேல். நியூயார்க்கே பின்னால்தான் நின்றது. ஜன்னலைத் திறந்தால் தெரிவது என்னவோ வயல்தான்.

கே: அங்கே பையனுக்குப் பெண் கிடைக்குமா?

ப: பெண்ணுக்குப் பையன் பார்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

கே: சராசரி வருமானம் எகிறியது என்கிறார்களே, ஏழைகள் பணக்காரர் ஆகிவிட்டார்கள்தானே?

ப: சராசரி உயர இரண்டு வழி உண்டு. ஏழை பணக்காரன் ஆகலாம்; அல்லது ஏழை ஊரைவிட்டே போகலாம். வில்லிஸ்டனில் இரண்டும் நடந்தன. லாரி ஓட்டியவர் கை நிறையச் சம்பாதித்தார். பென்ஷனில் காலம் தள்ளிய வாடகைக்காரக் கிழவி வீட்டைக் காலி செய்தார். அவர் போனதும் கணக்கில் ஊர் இன்னும் கொஞ்சம் செழித்தது!

நில விவகாரம் இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் மண்ணுக்கு ஒரு சொந்தக்காரர், மண்ணுக்குக் கீழே இருப்பதற்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கலாம். தாத்தா காலத்துப் பஞ்சத்தில் கனிம உரிமையை மட்டும் விற்றிருந்தால், பேரனுக்குக் கிடைப்பது புழுதியும் லாரிச் சத்தமும்தான். ராயல்டி செக் எங்கோ வெளியூரில் இருப்பவருக்குப் போகும். அக்கம்பக்கத்து இரண்டு வயல்களில் ஒருவர் லட்சாதிபதி, ஒருவர் இருமல்காரர். இந்த இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்துத்தான் 'சராசரி' என்கிறோம்.

கே: எண்ணெய் விலை விழுந்தபோது?

ப: 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே. கேம்ப்கள் காலி, வாடகை பாதாளத்தில். ஆனாலும் குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள் பலர் தங்கிவிட்டார்கள். 2019-இல் புது விமான நிலையமே திறந்தார்கள்.

கே: சராசரி பொய் சொல்லாத ஊர் அமெரிக்காவில் உண்டா?

ப: இருந்தது. நெப்ராஸ்காவில் மோனோவி. ரயில் ஓடிய நாளில் நூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 2010 சென்சஸில் ஒரே ஒரு மூதாட்டி. மேயர் அவர்தான், ஊரின் மதுக்கடையும் அவருடையதுதான். ஆகவே லைசென்சுக்குத் தன்னிடமே மனுப்போட்டுத் தானே அனுமதியும் கொடுத்துக்கொண்டார். அவர் வருமானம்தான் ஊரின் சராசரி, ஒரு பைசா பிசகாது. ஆனால் 2020 சென்சஸில் இரண்டு பேர் என்று வந்தது. யாரும் குடியேறவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்று சென்சஸ்காரர்களே எண்களைக் கொஞ்சம் கலைத்துப்போட்டதில் முளைத்த ஆள் அது.