ஓரா சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு அவர் 'ஓரா சார்'. ஆரக்கிள் டேட்டாபேஸ் முறைத்துக்கொண்டால் 'ஓரா' என்று தொடங்கி ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணைத் துப்பும். அந்த எண்களை எல்லாம் சுமந்துகொண்டு திரிவதால் வந்த பட்டம். எந்த மென்பொருள் அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்: மூலை நாற்காலி, சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர், மேசையில் ஃபிளாஸ்க்.

மனைவியின் கைப்பேசி எண்ணைக் கேட்டால் போனைத் தடவுவார். 01555 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். "ஸ்நாப்ஷாட் டூ ஓல்ட், தம்பி! பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிச்சிட்டுக் காபி குடிக்கப் போறோம். ஆற அமர வந்தா இன்னொருத்தர் உக்காந்திருக்கார். நீ ஒரு கொயரியை மணிக்கணக்கா ஓட்டினா, அது தேடி வர்ற பழைய தரவு மேல வேற யாராவது எழுதியிருப்பாங்க. தப்பு துண்டு மேலயா, காபி மேலயா?"

அவரிடம் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்.

"சார், எரர் வருது."

"என்ன எரர்?"

"ஏதோ சிவப்பா வந்துச்சு சார். மூடிட்டேன்."

"தெர்மாமீட்டரை உடைச்சிட்டு வந்து ஜுரம் எவ்வளவுன்னு கேக்கறியே!"

பிறகு வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். அதில் பாதித் திரை, அனுப்பியவரின் கட்டைவிரல், பக்கத்து மேசை டிபன் பாக்ஸ் எல்லாம் தெளிவாக இருக்கும், எண்ணைத் தவிர. ஒருவழியாக முழுச் செய்தியும் கிடைத்தாலும் வந்தவர் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, "06512 சார்" என்பார். ஓரா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "06512 குற்றவாளி இல்லப்பா, விலாசம். எந்த வரியில விழுந்தேன்னு அது சொல்லுது. ஏன் விழுந்தேன்னு மேல எழுதியிருக்கு. ஆண்டவன் எதுக்குக் கழுத்தை மேலயும் அசையிற மாதிரி வெச்சான்?"

யூனிக்ஸ் கணினியில் 'ஓ-எர்' என்று ஒரு கட்டளை உண்டு. எண்ணைக் கொடுத்தால் காரணமும் பரிகாரமும் சொல்லும். ஓரா சாருக்கு இரண்டும் மனப்பாடம். ஆனாலும் தட்டிப் பார்ப்பார், மந்திரம் தெரிந்திருந்தும் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொள்ளும் புரோகிதர் மாதிரி. 00600 வந்தால் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றுவார். அது ஆரக்கிளின் உள்ளுக்குள்ளேயே கோளாறு என்று பொருள். அதற்குக் கம்பெனிக்காரனைத்தான் கூப்பிட வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்களையும் அவர் பங்காளிகளாகவே நினைக்கிறார். ஒரே ஆதார் எண்ணை இரண்டு பேருக்குப் போடப் பார்த்தால் ஆரக்கிள் 00001 என்று அதட்டும். அதே குற்றத்துக்கு மைஎஸ்க்யூஎல் 1062, டிபி2 -803, போஸ்ட்கிரெஸ் 23505. "போஸ்ட்கிரெஸ்காரன் ஒழுங்கானவன். பின்கோடு மாதிரி முதல் ரெண்டைப் பார்த்தாலே வட்டாரம் தெரிஞ்சிடும். 23ன்னா ஏதோ கட்டுப்பாட்டை மீறியிருக்கே."

அலுவலகச் சண்டையிலும் எண்தான். நிரல் எழுதுகிறவர்களும் சோதிக்கிறவர்களும் 'முதலில் நீ அனுப்பு' என்று மூன்று நாள் முறைத்துக்கொண்டபோது, எட்டிப் பார்த்து "00060" என்றார். டெட்லாக். "சந்துக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு வண்டி. ஆரக்கிள் ஒருத்தனைப் பின்னால எடுக்கச் சொல்லும். எஸ்க்யூஎல் சர்வர்ல இதுக்கு 1205. பின்னால போறவனுக்குப் பலியாடுன்னே பேர் வெச்சிருக்கான். உங்கள்ல யாருப்பா ஆடு?" சிரித்துவிட்டார்கள். சண்டை தீர்ந்தது.

அவருக்கு மிகவும் பிடித்தது 00942. 'டேபிளோ வியூவோ இல்லை' என்று அது சொல்லும். புதிதாகச் சேர்ந்தவர்கள், "நேத்துகூடக் கண்ணால பார்த்தேன் சார்" என்று சத்தியம் செய்வார்கள். "இருக்கும் தம்பி. உனக்கு அனுமதி இருக்காது. 'இருக்கு, ஆனா காட்ட மாட்டேன்'னு சொன்னா, இருக்கிறது தெரிஞ்சு போயிடும் இல்ல? அதான் இல்லவே இல்லைன்னு சாதிக்குது."

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் எச்சரித்திருந்த சமயம். "அதிரசம் இருந்ததே?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அதெல்லாம் நேத்தே தீர்ந்து போச்சு" என்றது சமையலறை.

என் பக்கம் சாய்ந்து, "942" என்றார் மெதுவாக.

சற்று நேரத்தில் அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் மட்டும் வைத்தார்கள். இரண்டு அதிரசம். ஓரா சார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? டேபிள் இருக்கு."