நாற்பதில் வந்த வில்லன்

போன இதழில் ரெஸ்லர் மார்க் ஹென்றியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். எனவே இந்த முறை முழுப் பக்கமும் அவருக்கே.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்கள். பிறகு நாற்பது வயதில் ஒருவர் சாம்பியன் ஆனார் என்பதில் என்ன பெருமை? (தஞ்சாவூர் வாசகர்)

எழுதிவைத்துவிடுகிறார்கள் என்பதுதான் பெருமையே! எழுதுகிறவர்கள் கையில் பேனா இருக்கிறது. யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். மார்க் ஹென்றி டபிள்யூ டபிள்யூ எஃப் ரெஸ்லிங் நிறுவனத்தில் முதல் ஆட்டம் ஆடியது 1996 செப்டம்பர் 22. ராண்டி ஆர்ட்டனைச் சாய்த்து வேர்ல்ட் ஹெவிவெயிட் பெல்ட்டைத் தோளில் போட்டது 2011 செப்டம்பர் 18, பஃபலோ நகரில். பதினைந்து வருடத்துக்கு நான்கே நாள் குறைவு. அத்தனை காலமும் அந்தப் பேனா அவர் பெயருக்கு நேரே கோமாளி, அடியாள், தோற்பவர் என்றே எழுதிக்கொண்டிருந்தது. அதே பேனாவை ஒருவர் தன் பக்கம் திருப்பவைத்தாரே, அது பெரிய காரியம். மற்ற விளையாட்டுகளில் எதிராளியை ஜெயித்தால் போதும். இங்கே எதிராளி, எழுத்தாளர், முதலாளி, அரங்கில் உட்கார்ந்திருக்கும் பதினையாயிரம் பேர் என எல்லோரையும் நம்பவைக்க வேண்டும்.

‘உலகின் மிகப் பெரிய பலசாலி’ என்று அவரை அறிவிப்பார்களே, அது நிஜமா, வெறும் விளம்பரமா? நாங்கள் சின்ன வயதில் ட்ரம்ப் கார்டில் எழுதியிருந்ததை எல்லாம் வேதவாக்காக நம்பியவர்கள். (கோவில்பட்டி வாசகர்)

ட்ரம்ப் கார்டை நம்பியதில் தவறில்லை. அந்தத் தொழிலில் சூட்டப்படும் பட்டங்களில் கல்லுப்போல் நிற்கும் ஒன்று இது. டெக்சஸ் மாநிலத்தில் சில்ஸ்பீ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஆஸ்டினில் டெரி டாட் என்ற பேராசிரியர் (அவரே பழைய பளுதூக்கும் வீரர்) கண்ணில் பட்டு, அவரிடம் பயின்றார். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா என இரண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கினார். ஸ்னாட்ச் முறையில் 180 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 220 கிலோவும் தூக்கியவர்.

இதைவிட எனக்கு வியப்பானது, அவர் இரண்டு வேறு உலகங்களில் ஒரே சமயத்தில் முன்வரிசையில் நின்றது. ஒலிம்பிக் பளுதூக்குதலுக்கு வேகமும் லாகவமும் வேண்டும். பவர்லிஃப்டிங்குக்கு முரட்டு பலம் வேண்டும். ஒன்றில் தேறியவர் மற்றதில் தடுமாறுவதுதான் வழக்கம். இவரோ 1995இல் பவர்லிஃப்டிங் மேடையில் 430 கிலோவுக்கு மேல் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்தார். தரையிலிருந்து 410 கிலோவைத் தூக்கி நிறுத்தினார். இறுகப் பிடித்துத் தாங்கும் விசேஷ உடைகள் இல்லாமல்.

2002இல் அர்னால்டு ஸ்ட்ராங்மேன் போட்டியை முதன்முதலாகக் கொலம்பஸ் நகரில் நடத்தினார்கள். ஸ்வெண்ட் கார்ல்சன், ஃபில் ஃபிஸ்டர் போன்ற முழுநேர ஸ்ட்ராங்மேன் வீரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே இந்த ரெஸ்லர். ‘அப்போலோனின் சக்கரங்கள்’ என்று ஒரு சாமான் உண்டு: பழைய ரயில்பெட்டிச் சக்கரங்களைப் போல இருக்கும், சுமார் 166 கிலோ. அச்சு அவ்வளவு தடிமன், விரல்கள் முழுதாகச் சுற்றி வளைக்காது. அதைத் தலைக்கு மேல் மூன்று முறை தூக்கினார். போட்டியையும் ஜெயித்தார். ரெஸ்லிங் என்றால் நடிப்பு என்று சொல்கிறவர்களிடம் அந்தச் சக்கரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் அது தரையைவிட்டு எழும்பட்டும்!

இவ்வளவு பலமுள்ள மனிதரைப் பதினைந்து வருடம் என்னதான் செய்தார்கள்? (சேலம், கல்லூரி மாணவி)

பத்து வருட ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்தார்கள். வந்த வருடமே காயம். 1998இல் ‘நேஷன் ஆஃப் டாமினேஷன்’ கூட்டத்தில் சேர்த்தார்கள்; அங்கே பக்கத்தில் நின்ற ‘தி ராக்’ வானத்துக்குப் போய்விட்டார், இவர் தரையிலேயே நின்றார். அடுத்து ‘செக்சுவல் சாக்லேட்’ என்று பெயர் மாற்றி, பெண்கள் பின்னால் வழிகிற ஆளாக ஆக்கினார்கள். 76 வயதான மே யங் என்ற மூத்த வீராங்கனையைக் காதலியாக்கி, 2000இல் அந்தப் பாட்டிக்குப் பிரசவம் என்று காட்டி, பிறந்தது ஒரு ரப்பர் கை என்று முடித்தார்கள்.

படிக்கும்போது சிரிப்பு வரும். எனக்கு வருவது கோபம். ஒலிம்பிக் மேடையிலிருந்து வந்த ஒரு கறுப்பின வீரரை, அவருடைய தோலையும் உடம்பையும் வைத்தே கேலிப்பொருளாக்கினார்கள். அதன் பிறகு, எடையைக் குறை, ஆட்டத்தைத் திருத்து என்று லூயிவில் நகரத்துப் பயிற்சிக் களத்துக்கு அனுப்பினார்கள். பேர் வாங்கியவர் மறுபடி புதுமுகங்களோடு வரிசையில் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம்! அவர் போனார், நின்றார், திரும்பி வந்தார்.

2006இல் ஒரு வாய்ப்பு வந்தது. கர்ட் ஆங்கிளோடு பெல்ட்டுக்கு மோதினார். ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரோடு சவப்பெட்டி ஆட்டம் ஆடினார். இரண்டிலும் தோல்வி. அந்த வருடமே முழங்கால் போனது. 2008இல் இசிடபிள்யூ பெல்ட் சில வாரங்கள் இடுப்பில் இருந்தது. பிறகு கைதட்டி ஆடவைக்கும் நல்லவர் வேஷம். 2011 வசந்தத்தில் யாராவது ‘இந்த வருடத்தின் பயங்கர வில்லன் இவர்தான்’ என்று சொல்லியிருந்தால், அரங்கமே கைகொட்டிச் சிரித்திருக்கும்.

அப்படியானால் 2011இல் எது மாறியது? உடம்பா, கதையா? (மதுரை வாசகர்)

உடம்பு மாறவில்லை. அந்த உடம்புக்கு ஏற்ற கதையை அப்போதுதான் எழுதினார்கள்.

ஏப்ரலில் மூவர் அணி ஆட்டம் ஒன்று. ஜான் சீனா, கிறிஸ்டியன், ஹென்றி ஒரே அணி. நடுவிலேயே திரும்பி, தன் அணிக்காரர்கள் இருவரையும் அடித்துப் போட்டார். ஜூலையில் பிக் ஷோவை வீழ்த்தி, அவர் காலுக்கு நாற்காலியை மாட்டி அதன்மேல் விழுந்தார். அடுத்து கேன். அடுத்து கோஸ்லோவ். ஒவ்வொருவரையும் தன் ‘ஹால் ஆஃப் பெயின்’ பட்டியலில் சேர்த்துவிட்டதாக அறிவித்தார்.

இங்கே தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஓய்வுக்குப் போகிறவர், ஒப்பந்தம் முடிகிறவர் என்று ஆட்கள் திரையைவிட்டு விலகியபடியேதான் இருப்பார்கள். வழக்கமாக அவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். அந்தக் கோடையில் போகிறவர்களை எல்லாம் ஹென்றி உடைத்து அனுப்பினார். கேன் டிசம்பர் வரை வரவில்லை. கோஸ்லோவ் திரும்பவே இல்லை. ‘அவர் எங்கே?’ என்று பார்வையாளர் வாராவாரம் நினைக்க நினைக்க, பதில் ஒன்றுதான். செலவில்லாமல் ஒரு ராட்சதனை உருவாக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மற்றது அவருடைய நடை. அதுவரை அவசரப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் நிதானமாக ஆடத் தொடங்கினார். அடித்துவிட்டு நின்றார், பார்த்தார், கீழே கிடப்பவனிடம் பேசினார். கேமராவைப் பார்த்து, ‘நான் செய்வதே இதுதான்’ என்றார். கயிற்றில் ஏறிக் குதிக்கவில்லை, பல்டி அடிக்கவில்லை. அந்தக் கனமுள்ள ஒருவர் மெல்ல நடந்து வருவதைப் பார்த்தாலே முன்வரிசையில் இருப்பவர் காலை மடக்கிக்கொள்வார். சம்மர்ஸ்லாமில் ஷேமஸை ரிங்குக்கு வெளியே தடுப்புச் சுவரோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டு, பத்து எண்ணுவதற்குள் உள்ளே வந்து நின்றார். எண்ணி முடித்தபோது ஷேமஸ் வெளியிலேயே கிடந்தார்.

ஆர்ட்டனை அவர் ஜெயித்த விதத்தையும் கவனியுங்கள். குறுக்குவழி இல்லை, கூட்டாளி இல்லை, நடுவர் கண்ணை மறைக்கவில்லை. தோளில் தூக்கி அடித்து, மூன்று எண்ணவைத்தார். வில்லன் என்றால் ஏமாற்றித்தான் ஜெயிப்பான் என்பது அந்தத் தொழிலின் பழைய பாடம். ஏமாற்றத் தேவையே இல்லாத வில்லன் இன்னும் பயங்கரம்.

ஹென்றி காட்டிய அந்தக் கோபம் நடிப்பா? (நாகர்கோவில் வாசகி)

என் தீர்ப்பு: கோபம் நிஜம், அதைச் செலுத்திய இடம் நடிப்பு. பார்வையாளர்களைப் பார்த்து ‘என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்’ என்ற தொனியில் அவர் நின்றபோது, கூட்டத்தால் மறுக்க முடியவில்லை. சிரித்தவர்கள்தானே அவர்கள்! கண்ணில் எந்தப் போலித்தனமும் இல்லாத வில்லன் கிடைப்பது அரிது. அவருடைய குற்றச்சாட்டு நியாயமானது, தண்டனைதான் அநியாயம். நல்ல வில்லன் பாத்திரம் எல்லாமே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ரிங்கே உடைந்து விழுந்ததாமே? (திருப்பூர், பள்ளி மாணவர்)

ஆமாம் தம்பி, 2011 அக்டோபர் 23, சான் அன்டோனியோ. ஹென்றியும் பிக் ஷோவும். கயிற்றின் மேலிருந்து பிக் ஷோவைத் தூக்கிப் பின்னால் எறிந்தபோது, ரிங் நான்கு பக்கமும் சரிந்து தரையில் அமர்ந்தது. அது ஏற்பாடு செய்ததுதான். 2003இலேயே பிராக் லெஸ்னரும் இதே பிக் ஷோவும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த உயரத்திலிருந்து அவ்வளவு எடை விழுந்தால் எலும்புக்கு அது ஏற்பாடு என்று தெரியாது. வீட்டில் முயன்று பார்க்காதே. கட்டில் உடையும், அம்மா அந்த ஆட்டத்தை முடித்துவைப்பார்.

இவ்வளவு சொல்கிறீர்கள், பெல்ட் ஏன் 91 நாளில் போயிற்று? (காரைக்குடி வாசகர்)

உடம்பு ஒத்துழைக்கவில்லை. தொடையிடுக்குத் தசைக் காயத்தோடு கடைசி வாரங்களை ஓட்டினார். டிசம்பர் 18, பால்டிமோரில் பிக் ஷோ ஜெயித்தார். 45 வினாடியில் டேனியல் பிரையன் வந்து அவரிடமிருந்து தட்டிப் பறித்தார். ஹென்றியின் ஆட்சிக்கு அது பொருத்தமான முடிவில்லை. இப்படி ஒரு மலையைக் கட்டிவிட்டு, அதில் ஏறி நின்று ஒரு இளைஞன் பெரிய ஆளாகும் காட்சியை எழுதியிருக்க வேண்டும். பிரையனே அந்த இளைஞனாக இருந்திருக்கலாம். காயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சால்மன் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு அழுதாரே, அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லுங்கள். (புதுச்சேரி வாசகி)

2013 ஜூன் 17. ஓய்வு பெறுகிறேன் என்று சொல்ல வந்தார். வயது 42. கண்ணீர், குடும்பத்தைப் பற்றிய பேச்சு, குரல் கம்முதல். சிரித்த அதே கூட்டம் எழுந்து நின்று நன்றி சொன்னது. சாம்பியன் ஜான் சீனா வந்து கையை உயர்த்திப் பிடித்து, கட்டித் தழுவினார். தழுவிய கையோடு சீனாவைத் தூக்கி ரிங்கில் அறைந்தார் ஹென்றி! இன்னும் என்னிடம் சரக்கு மிச்சமிருக்கிறது என்று கர்ஜித்தார்.

அது எப்படி அத்தனை பேரையும் ஏமாற்றியது என்றால், அவர் சொன்னதில் பொய் குறைவு. சீனா வைத்திருந்த அந்த பெல்ட்டை ஒருநாளும் ஜெயிக்காத ஏக்கம் நிஜம், வீட்டை விட்டு வருடக்கணக்கில் அலைந்த களைப்பு நிஜம். நிஜத்தை அடுக்கி அதன் உச்சியில் ஒரே ஒரு பொய்யை வைத்தார். அந்தத் தொழிலில் நான் பார்த்த மிகச் சிறந்த நடிப்பு அது. அடுத்த மாதம் சீனாவிடம் தோற்றார். அந்தத் தோல்வியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, கோட்டை எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

இதுபோல் தாமதமாக வில்லனாகி ஜெயித்தவர்கள் வேறு யார்? (வேலூர் வாசகர்)

ஜேபிஎல். வருடக்கணக்கில் பீர் குடித்து அடிதடி செய்யும் இரட்டையரில் ஒருவராக இருந்தார். 2004இல் திடீரென்று கோட்டு சூட்டு, தொப்பி, நீளக் கார். எடி குரெரோவிடமிருந்து பெல்ட்டை எடுத்து 280 நாள் வைத்திருந்தார். அவரை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் ஓடி ஒளிந்து பிழைத்த சாம்பியன். இன்னொருவர் புல்லி ரே. டட்லி சகோதரர்களில் மூத்தவராக மேஜை உடைத்துக்கொண்டிருந்தவர், 2013இல் டிஎன்ஏ (TNA) ரெஸ்லிங் நிறுவனத்தின் பெரிய வில்லன் சாம்பியன். மூவரில் என் ஓட்டு ஹென்றிக்கு.

இதெல்லாம் நான் பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்குவது? (ஈரோடு வாசகி)

முதலில் 2002 ஸ்ட்ராங்மேன் போட்டியில் அந்தச் சக்கரங்களைத் தூக்குவதைப் பாருங்கள். பிறகு 2011 ஜூலையில் பிக் ஷோ, செப்டம்பரில் ஆர்ட்டன், அக்டோபரில் ரிங் சரிந்த இரவு. கடைசியாக அந்தக் கோட்டு. ரப்பர் கையைப் பார்க்க வேண்டாம். அதற்காக அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதியவர்களுக்குத்தான் இருக்கிறது. 2018 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் மேடையில் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்த வீடியோவும் கிடைத்தால் விடாதீர்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.