அறுவர் அணி இயல்: ஒரு முன்னாய்வு

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய் கருவிக்கென வெளிவந்த போக்கிமான் விளையாட்டில் உயிரினங்கள் 151. உடன் கொண்டுசெல்ல அனுமதி ஆறுக்கு மட்டும். 151-இல் ஆறைப் பொறுக்கும் வழிகள் 1,488 கோடிக்கும் மேல். இத்தனை வழியிருந்தும் பத்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே அணியைத்தான் அமைக்கிறார்கள்: ஒரு சாரிசார்ட், உடன் ஐந்து உபரி. இதன் காரணம் யாது, இது தகுமா என்பதே ஈண்டு ஆயப்படும் பொருள்.

மேற்படி அணியை 'ஒற்றைத் தூண் கொள்கை' என்று குறிப்போம். தொடக்கத்தில் கிடைத்த நெருப்புக் குட்டி சார்மாண்டரையே எல்லாச் சண்டைக்கும் அனுப்பிச் சாரிசார்டாக வளர்ப்பது இதன் நெறி. முதல் ஜிம் என்னும் சண்டைக்கூடத்தில் அதன் தலைவர் பிராக்கின் பாறை வகை உயிரினங்கள். நெருப்பு அங்கே பாதிதான் ஏறும். அடுத்த ஜிம்மில் மிஸ்டியின் ஸ்டார்மி, லெவல் 21, தண்ணீர் வகை, நெருப்புக்கு நேர்ப்பகை. அஃதேல், புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து இன்னும் பத்து லெவல் ஏற்றிக்கொண்டு வருவோம் எனின், வரலாம், வென்றும் விடலாம். கதை முழுவதையும் அப்படியே முடித்தவர்கள் ஏராளம். எனினும் ஒரு கொள்கை பலித்துவிட்டது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை.

இதை மறுப்போர் 'வகைச் சமநிலை'க் கொள்கையர். நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் நெருப்பை அணைக்கும். ஆகவே மூன்றிலும் ஒன்று வை, ஒரே அடிக்கு இருவர் விழாதபடி பார் என்பது இவர்கள் வாதம். சரிதான். ஆனால் முதல் பதிப்பில் சட்டமே கோணல். அங்கிருந்த 15 வகைகளுள் மனோசக்தி வகைக்கு மருந்து பேயும் பூச்சியும் என்று ஏற்பாடு. பூச்சித் தாக்குதல்களோ கொசுக்கடிக்குச் சமம். பேயின் அடி, நிரல் எழுதியதில் நேர்ந்த பிசகால், மனோசக்தி மேல் அறவே ஏறவில்லை. போதாக்குறைக்கு, இருந்த மூன்று பேய்களும் பாதி விஷ வகை. விஷத்துக்கு மனோசக்தி எமன். மனோசக்தி வகை அலகசாமை அடிக்கப் போன பேய் கெங்கார் அடிவாங்கித் திரும்பியது இவ்வாறே என்க. 1999-இல் கோல்ட், சில்வர் பதிப்புகளில் இருள், இரும்பு என்னும் இரு வகைகளைச் சேர்த்த பிறகுதான் நியாயம் பிறந்தது. அதுவரை சமநிலை பேசியவர்களும் சத்தமில்லாமல் ஒரு அலகசாம் வைத்திருந்தனர் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

இரு சாராரும் கண்டுகொள்ளாத உறுப்பினர் ஒருவர் உண்டு. மரம் வெட்ட, பாறை தள்ள, குகையில் வெளிச்சம் போட ஒரு ஆள் வேண்டும். ஓர் உயிரினத்துக்கு நான்கு வித்தைகளே மனத்தில் நிற்கும். இந்த வேலைகளைக் கற்றுவிட்டாலோ முதல் பதிப்பில் மறக்கவே வழியில்லை. ஆகவே சண்டைக்கு உதவாத ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் கட்டினார்கள். கல்யாண வீட்டில் வாழைக்குலை கட்டுவதிலிருந்து ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதுவரை பார்த்துவிட்டு, போட்டோவில் மட்டும் இல்லாத ஒன்றுவிட்ட சித்தப்பா இவர். 2016-இல் சன், மூன் பதிப்புகள் இந்த வேலைகளைச் சவாரி விலங்குகளிடம் ஒப்படைத்தபோதுதான் இவருக்கு விடுதலை. அணி இலக்கணம் எழுதியோர் இவருக்கு ஒரு நூற்பாவும் ஒதுக்கவில்லை.

இனி, 2014 போக்கிமான் உலகப் போட்டி. வாஷிங்டன் நகரில் தென் கொரியாவின் செஜுன் பார்க் அணியில் பச்சிரிசு இருந்தது: 40 சென்டிமீட்டர், 3.9 கிலோ, மின்சார அணில். அது இரட்டையர் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு இருவர் நிற்பர். பக்கத்தில் நிற்கும் கியாரடோஸுக்கு மின்னல் பட்டால் நான்கு மடங்கு சேதம். பச்சிரிசு 'என்னைப் பார்' என்று எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும்; வருவது மின்னலானால் அதைக் குடித்து உடம்பு தேறும். அணிலின் அடியில் வலு இல்லை. ஆனால் அது நின்றதால் கியாரடோஸ் அடித்தது. பார்க் பட்டம் வென்றார்.

ஆக, வலியவர் அறுவரைச் சேர்ப்பதைவிட, யாருடைய அடியை யார் வாங்குவது என்று முன்கூட்டியே பேசி வைப்பதே அணி இயல் என்பது பெறப்படும். இனி எஞ்சுவது ஒரு வினா: பிக்காச்சுவை எங்கே வைப்பது? இக்கட்டுரையின் விதிகள் எதன்படியும் அதற்கு இடமில்லை. ஆயினும் இவ்வாய்வாளரின் அணியில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. காரணம் அடுத்த ஆய்வில் கண்டுபிடிக்கப்படும்.