ஜிம்மிக்கு எத்தனை சதவீதம்?

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஊக்கமருந்து எடுத்தவன் ஒருவன்தான். அவனுக்கு நாலு கால். அடுத்தவன் ரத்தத்தை ஏற்றிக்கொண்டான். காலையும் மாலையும் பிரட்னிசொலோன் குளிகை விழுங்கினான். மனிசன் செய்திருந்தால் நாலு வருசத்துக்குப் போட்டிப் பக்கமே தலைகாட்ட முடியாது. ஜிம்மிக்குக் கிடைத்தது தண்டனை அல்ல, முறைவைத்துத் தடவிவிட ஆள்.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் டென்மார்க்கின் வைலே நகரிலிருந்து புறப்பட்டு, யெல்லிங் பக்கம் போய், ஹரால்ட் அரசன் ஆயிரம் வருசத்துக்கு முன் நட்ட கல்லை ஒரு தரம் சுற்றிவிட்டு, கோப்பியும் கறுவா பணிஸும் சாப்பிட்டுத் திரும்பும் நடுவயதுக்காரர்கள். எரித்த கலோரியைவிடத் தின்ற கலோரி எப்போதும் ஒருபடி மேல். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். காற்றடித்தால் பறந்துபோகிற உடம்பு, மேட்டில் அவரைப் பிடிக்க ஏலாது. ஒரு பள்ளிக்கூட ரீச்சர். ஒரு தச்சர், நூற்றுப்பத்துக் கிலோ, இறக்கத்தில் அவரைப் பிடிக்க ஏலாது. பிறகு நான், பஸ் சாரதி. என்னை இதில் சேர்த்துவிட்டது என்னுடைய சீனி வருத்தம்.

டென்மார்க் தட்டை நாடு என்று வெளியில் பெயர். பொய்யில்லை; நாட்டின் ஆக உயர்ந்த இடம் 171 மீட்டர்கூட முழுசாக இல்லை. ஆனால் பனியுகம் போகிற போக்கில் வைலேயை மட்டும் ஆழமாகக் குடைந்து, சுற்றிவர மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டது. கிடெஸ்வை என்று ஒரு வீதி இருக்கிறது. சாய்வு சில இடங்களில் 20 சதவீதத்தை எட்டும். டென்மார்க் சுற்றுப்போட்டி வைலேக்கு வரும்போது பெரிய பெரிய வீரர்களையெல்லாம் கடைசியில் அந்த மேட்டில்தான் ஏற்றி நாக்குத் தள்ளவைப்பார்கள். 2022 ஜூலை 3ஆம் திகதி டூர் டி பிரான்ஸின் மூன்றாம் கட்டமே வைலேயில் தொடங்கி, 182 கிலோமீட்டர் தள்ளி சொண்டர்போர்க்கில் முடிந்தது. அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் ஒருவரும் சைக்கிள் தொடவில்லை. வீதியோரம் நின்று மற்றவன் மிதிப்பதைப் பார்த்தே களைத்துப்போய் ஆளுக்கு இரண்டு பணிஸ் சாப்பிட்டோம்.

ஜிம்மி என் மகளின் நாய். அதாவது ஆசைப்பட்டு வாங்கியது மகள். அவள் படிக்க ஆர்ஹுஸ் போனபின் வளர்ப்பது நானும் மனுசியும். இந்த நாட்டில் எங்களுக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். மிருக வைத்தியசாலையில் நாயையும் குடும்பப் பெயர் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாயை விறாந்தைப் படி ஏறவிடாத மனிசன் என் அப்பா. அவருடைய பதினைந்து எழுத்துப் பெயரை ஒரு டேனிஷ் பெண் உடைத்து உடைத்து வாசிக்க, ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போவான்.

ஒரு மாசி மாதம் அவன் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தபால்காரரையும் குரைக்கவில்லை. மனுசி வாயைத் திறந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, பல் ஈறு வெள்ளையா சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு."

வைத்தியர் இளம் பெண், பொறுமையாக விளக்கினார். உடம்பின் காவல்படை தன் சொந்தச் சிவப்பணுக்களையே எதிரி என்று நினைத்து அழிக்கிற வருத்தம். காவல்படை சொந்த ஆட்களைக் கொல்வது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் அதற்குப் பயந்துதான் இந்த ஊருக்கே வந்தோம். முதல் இரண்டு கிழமை கண்டம், அதைத் தாண்டினால் நம்பலாம் என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "வெங்காயம் ஏதாவது சாப்பிட்டானா?"

வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். தமிழ்க் குசினியில் வளர்ந்த நாயைப் பார்த்து வெங்காயம் பட்டதா என்று கேட்பது, மீனைப் பார்த்து நனைந்தாயா என்று கேட்பதுதான். மனுசியின் முகம் ஜிம்மியின் ஈற்றைவிட வெளிறியது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்துவிட்டு, வெங்காயத்தின் மேல் பழியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் எங்கள் பத்துக் கிலோ வெங்காய மூட்டை அன்றிரவே கராஜுக்கு நாடுகடத்தப்பட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சம்பலுக்குக்கூட நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகவேண்டும்.

இனிச் சிநேகிதர்கள். இந்த ஊர் நட்பு நாட்காட்டியோடு வருவது. 1987இல் எங்கள் ஆட்களின் குடும்பங்களை வரவிடாமல் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்த நீதியமைச்சரின் கதை பிறகு வெளியே வந்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவியை விட்டுப் போனார். தமிழர் வழக்கு என்றே அதற்குப் பெயர். எங்கள் பெயரால் ஓர் அரசாங்கமே போன நாடு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தேத்தண்ணி குடிக்க வருவதென்றால் மூன்று கிழமைக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். நினைத்த நேரம் தோடம்பழமும் ஹோர்லிக்ஸுமாக வருத்தம் பார்க்க வந்து, நோயாளியை எழும்பி உட்காரவைத்து, அதே வருத்தத்தில் செத்துப்போனவர்களின் பட்டியலை வாசித்துவிட்டுப் போகிற சனத்தில் பிறந்தவன் நான். இவர்களிடம் என்ன எதிர்பார்ப்பது?

"ஜிம்மிக்குச் சுகமில்லை. ரத்தத்தில் பிரச்சினை. சனிக்கிழமை வரமாட்டேன்" என்று கைப்பேசியில் கூட்டத்துக்கு எழுதிப்போட்டேன். ஐயோ பாவம் என்று ஒருவரும் எழுதவில்லை. கணக்காளரின் பதில் அரை நிமிசத்தில் வந்தது: "ஹீமடோக்ரிட் எத்தனை சதவீதம்?"

வேறு எந்த நாட்டுக் கிழவனுக்கும் இந்தக் கேள்வி தோன்றாது. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்ற கணக்கு அது. 1996இல் டூர் டி பிரான்ஸ் வென்ற முதல் டேனிஷ்காரர் பியார்ன ரீஸ், எங்கள் சனம் நிறைய இருக்கிற ஹேர்னிங்கில் பிறந்தவர். அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, 'அறுபது சதவீத ஐயா'. சிவப்பணுவைப் பெருக்கும் இபிஓ மருந்தைப் பாவித்து ரத்தத்தை அவ்வளவு தடிக்கவைத்தார் என்பது ஊர்ப்பேச்சு. 1997இல் உலகச் சைக்கிள் சங்கம் ஆண்களுக்கு 50 சதவீதம் என்று எல்லை போட்டது. 2007 மே மாதம் ரீஸ் வாய்திறந்து, ஓம், மருந்து எடுத்துத்தான் வென்றேன் என்று ஒப்புக்கொண்டார். அதே வருசம் ஜூலையில் மஞ்சள் சட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொரு டேனிஷ்காரர் மிகேல் ராஸ்முசனை, பயிற்சிக் காலத்தில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை என்று அவருடைய அணியே வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருசத்தோடு டென்மார்க்கில் தச்சுவேலை செய்பவருக்கும் ரத்தப் பரிசோதனை வாசிக்கத் தெரியும்.

ஜிம்மிக்கு 13. நாய்க்குக் குறைந்தது 37 வேண்டும். நான் 13 என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தச்சர் எழுதினார்: "ரீஸுக்கு இருந்ததில் கால்வாசிகூட இல்லையே."

இதை ஆறுதல் என்று எடுப்பதா என்று மனுசி கேட்டாள். எனக்கும் அப்போது தெரியவில்லை.

ரத்தம் ஏற்றவேண்டும், தெரிந்தவர்களிடம் பெரிய நாய் இருக்கிறதா என்று வைத்தியசாலையில் கேட்டார்கள். கொடுக்கிற நாய்க்கு ஒன்றிலிருந்து எட்டு வயது இருக்கலாம், 25 கிலோவுக்குக் குறையக்கூடாது, தானே முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கக்கூடாது. அன்று பின்னேரமே மூன்று பேரும் மூன்று நாயோடு வந்து நின்றார்கள். நாள் குறிக்கவில்லை, முன்கூட்டிக் கேட்கவில்லை. டென்மார்க்கில் இத்தனை வருசத்தில் நான் கண்ட ஆகப்பெரிய சட்டமீறல் அது.

தங்கள் சைக்கிளைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் அல்லவா, நாயைத் தராசில் ஏற்றும்போது மூச்சு விடவில்லை. கணக்காளரின் நாய் அவரைப் போலவே, வெறும் எலும்பும் வேகமும். பதினைந்து கிலோவோடு முதல் சுற்றிலேயே வெளியே. ரீச்சரின் நாய் இருபத்துநாலு சொச்சம் காட்டியது. ரீச்சர் குனிந்து அன்பாகத் தடவுகிற சாட்டில் அதன் முதுகை அழுத்தினார். முள் 26க்குத் தாவியது. தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கையை எடுங்கள் என்றார். பிறகு தச்சரின் லப்ரடோர் ஏறியது. முப்பத்தெட்டுக் கிலோ. கிடெஸ்வையில் வருசக்கணக்காகக் கடைசியாக வந்துகொண்டிருந்த வீட்டுக்கு அன்றுதான் முதலிடம். தச்சர் இரண்டு கையையும் தூக்கினார், கோட்டைத் தாண்டுகிற வீரர் தூக்குவதுபோல.

450 மில்லிலீட்டர். 13 என்பது 24 ஆனது.

2002இல் பெல்ஜிய வீரர் பிராங்க் வாண்டன்புரூக்கின் வீட்டைச் சோதித்த பொலிஸ், இபிஓ, மோர்பின், கிளென்பியூட்டரோல் என்று கண்டெடுத்தது. அவர் சொன்ன விளக்கம்: நாய்க்கு வாங்கியது. அதே வருசம் டூரில் மூன்றாவதாக வந்த லித்துவேனியர் ராய்மொண்டாஸ் ரும்ஷாஸின் மனைவி மருந்து நிறைந்த காரோடு பிடிபட்டார். அந்த வீட்டு விளக்கம், மாமியாருக்கு. இந்த இரண்டு சாட்டையும் சொல்லிச் சொல்லி எங்கள் கூட்டம் எத்தனையோ சனிக்கிழமை சிரித்திருக்கிறது. இப்போது என் குளியலறை அலுமாரியைத் திறந்தால் ஒரு தட்டு முழுக்க நாய்க்கு. அடுத்த தட்டு, எங்களோடு இருக்கிற மாமிக்கு. பொலிஸ் வந்தால் நான் உண்மையைச் சொல்லித்தான் உள்ளே போவேன்.

மாமி பற்றிச் சொல்லவேண்டும். "நாய்க்கோ ரத்தம் ஏத்தினவை? எங்கட ஊரில மனிசருக்கே கிடைக்கேல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அடுத்த வெள்ளிக்கிழமை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். யார் பேருக்கு அர்ச்சனை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜிம்மியின் நெற்றியில் விபூதி பூசினார். அவன் நக்கிவிட்டான். திரும்பவும் பூசினார். அப்போது ஜன்னலால் லப்ரடோரைக் கண்டவர் யோசனையோடு கேட்டார்: "தம்பி, ரத்தம் குடுத்ததெண்டால் அது இனி எங்களுக்கு என்ன முறை?"

பிரட்னிசொலோன் ஒரு விசித்திர மருந்து. உடம்பின் காவல்படையை அடக்கும். பசியையும் தாகத்தையும் அவிழ்த்துவிடும். ஜிம்மி வாளிக்கணக்கில் தண்ணீர் குடித்தான், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வெளியே போகவேண்டும் என்று கதவைப் பிறாண்டினான். விடிய நாலு மணிக்கு பஸ் எடுக்கப் போகிறவனுக்கு இது ஏலுமா? கணக்காளர் ஓர் அட்டவணை கொண்டுவந்தார். நேரம், ஆள், குளிகை, சிறுநீரின் நிறம் என்று நிரல்கள். சைக்கிளில் ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்க, பின்னால் வருகிறவர்கள் அந்த மறைவில் இளைப்பாறுவார்கள். பிறகு ஆள் மாறும். அதே ஒழுங்கு. வீட்டுத் திறப்பு மூன்று பேரிடமும் போனது. வேலையால் வந்து பார்த்தால் என் சோபாவில் ரீச்சர் இருந்து பரீட்சைத் தாள் திருத்துவார், மாமி அவருக்குப் பால்தேத்தண்ணி கொடுத்திருப்பார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் அட்டவணையின் கடைசி நிரலை மாமிதான் நிரப்பியிருப்பார், தமிழில்: "மஞ்சள். பரவாயில்லை."

வீட்டுக்குள் வருகிறவர்களை வாசலில் மனுசி சோதனை போட்டாள். ஸ்டிமோரோல் சூயிங்கம் பிறந்த ஊர் வைலே; இங்கே சூயிங்கம் இல்லாத சட்டைப்பை அபூர்வம். சீனி சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டோல் நாய்க்கு நஞ்சு, ரத்தத்துச் சீனியைச் சடாரென்று இறக்கிவிடும். முந்திரிகை வற்றல் சேர்த்த சத்துக் கட்டியும் கூடாது. சைக்கிள் சட்டையின் முதுகில் மூன்று பை. "கையைத் தூக்குங்கோ" என்று மனுசி தமிழில் சொல்ல, தச்சர் டேனிஷில் சிரித்துக்கொண்டே திரும்பி நிற்பார். எந்த ஊக்கமருந்து அதிகாரியும் அவ்வளவு ஆழமாகக் கைவிட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

காசு? எனக்கு நெஞ்சு அடைத்து உள்ளே குழாய் வைத்தாலும் ஆஸ்பத்திரி ஒரு குரோனரும் கேட்காத நாடு இது. நாய்க்கு வைத்தியம் என்றால் முழுக் காசு, மேலே 25 சதவீத வரி. நாய்க்குப் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், நோய்க் காப்புறுதி விருப்பம். ஆகவே ஜிம்மி அமைச்சரைக் கடித்தால் காப்புறுதிக்காரன் கொடுப்பான். ஜிம்மிக்கு வருத்தம் வந்தால் நான் கொடுக்கவேண்டும். காசு தருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன். யெல்லிங்கில் பணிஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தக் காசைக் கோப்பி டின்னில் போட்டு, டின்னை என் குசினியில் மறந்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கிழமையும் மறந்தார்கள். வெயில் காலம் வருவதற்குள் தச்சர் ஆறு கிலோ குறைந்திருந்தார்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் கணக்காளர் வரைபடத்தில் புள்ளி வைத்தார். 24. ஒருதரம் 21க்கு விழுந்தது; அன்றிரவு கூட்டத்தில் ஒருவரும் எழுதவில்லை. பிறகு 27. பிறகு 31. கண்டம் என்ற இரண்டு கிழமை தாண்டிய அன்று அவர் அளவுகோல் வைத்துக் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு எனக்கு எழுதினார்: "கிடெஸ்வையைவிடச் சாய்வு குறைவு. ஏறிவிடுவான்." பஸ் நிலையத்தில் நின்று அதை இரண்டுதரம் வாசித்தேன். பயணி ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறக்கச் சொன்னார்.

குளிகையை மெல்லமெல்லக் குறைத்தார்கள். 38 வந்த நாளில் ஜிம்மி தபால்காரரைக் குரைத்தான், மாமி குரைக்காதே என்று பேசினார், மனுசி பேசாதேங்கோ என்று மாமியைப் பேசினாள்.

போன கிழமை தச்சர் தொலைபேசியில் வந்தார். குரல் கொஞ்சம் இழுத்தது. லப்ரடோரை வேறொரு நாய்க்கு ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஆனால் தராசில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். அன்றைக்கு ரத்தம் கொடுத்து முடிய மனுசி வெங்காயம் உள்ளி இல்லாமல் அவித்துக் கொண்டுபோன கோழிச்சோறு ஞாபகத்தில் இருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

"ஒரு சின்னப் பெட்டி போதும்" என்றார். பிறகு, "இரண்டு பெட்டி. நானும் கூடப் போகிறேன்."