அமெரிக்கனும் நானும் ஒரு குசினியும்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன் என்று எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்தில் சொன்னால், கேட்கிறவர் முதலில் ஒரு கண்ணைச் சிமிட்டுவார். பிறகு, "விளங்குது தம்பி, விளங்குது" என்பார். என்ன விளங்கியது என்று நாங்கள் திருப்பிக் கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு என்பது விசாவுக்கு வைக்கிற செல்லப் பெயர். 'ஸ்ரூடன்ற்' ஆகப் போனவன் பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்கிறான் என்றால் ஊர் திருப்தியாகத் தலையாட்டும். நூலகத்தில் இருக்கிறான் என்றால்தான் பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை என்று நேர்த்தி வைப்பார்கள்.

நான் உண்மையாகவே படிக்கத்தான் போனேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பட்டம் முடித்துவிட்டு, 2023 செப்ரெம்பரில், நீர் முகாமைத்துவத்தில் ஒரு வருட முதுமாணிக்கு. அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. அக்கராயன் குளத்துத் தண்ணியை வாய்க்கால் வாய்க்காலாக மறித்து, பக்கத்து வயல்காரனோடு சண்டை பிடித்து நெல் விளைவித்த மனுசன் அவர். "தண்ணி இல்லாதவனுக்கெல்லோ தண்ணியைப் பற்றித் தெரியும். வருசம் முழுக்க மழை பெய்யிறவனிட்டைப் போய் என்னத்தைப் படிக்கப் போறாய்?" என்று கேட்டார். முதுமாணி முடிந்த பிறகும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நடு இங்கிலாந்தில் ஒரு நகரம். ஐந்து மாணவர்கள் வாடகைக்கு இருக்கிற வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குசினி. அதில் என் பக்கத்து அறைக்காரன் ஒரு அமெரிக்கன். அவனும் முதுமாணி படிக்க வந்தவன். எந்த ஊர்ப் பெடியன் என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்.

"ஐயோவா."

"ஐயோவோ? ஏனடா, என்ன நடந்தது?"

ஐயோவா என்பது சோளத்துக்குப் பேர்போன ஒரு மாநிலம். அங்கே மனிதர்கள் 32 இலட்சம் பேர், பன்றிகள் இரண்டு கோடிக்கு மேல். இதைக் கேட்ட அன்றே அவன் எனக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். காட்டுப் பன்றிக்குப் பயந்து இரவிரவாகக் காவற்கொட்டிலில் படுத்த பரம்பரை நான். அவனுடைய பன்றிகள் கொட்டகைக்குள் நின்று உழைத்துக் கொடுக்கின்றன, எங்களுடையவை வெளியில் நின்று எங்கள் உழைப்பைத் தின்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு பேரும் அந்த வீட்டுக்கு வந்துசேர்ந்த பாதைகள் ஒன்றல்ல. அவன் ஹீத்ரோவில் இறங்கி, தானியங்கிக் கதவில் கடவுச்சீட்டை வைத்து, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போயிருக்கிறான். அமெரிக்கர்களுக்கு 2019இலிருந்து அந்தச் சலுகை உண்டு. நான் வரிசையில் நின்றேன். கையில் அனுமதிக் கடிதம், நெஞ்சுப் படம், வங்கிக் கடிதம், பெறுபேறுகள் எல்லாம் அடுக்கிய ஒரு கோப்பு. கொழும்பில் எடுத்த நெஞ்சுப் படம் எனக்குக் காசநோய் இல்லை என்று சாட்சி சொன்னது. அமெரிக்கனின் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை.

இதைத்தான் நான் வருசம் முழுக்க யோசித்தேன். பிரித்தானிய முடிக்கு எதிராகத் துவக்குத் தூக்கி, 1776இல் சுதந்திரம் அறிவித்து, அதைத் துரத்தியவர்கள் அமெரிக்கர்கள். நாங்கள் 1948 வரை சலாம் போட்டு, அதற்குப் பிறகும் பள்ளிக்கூடத்தில் கழுத்துப்பட்டி கட்டி, பொதுநலவாயத்தில் நல்ல பிள்ளையாக இருந்தவர்கள். கதவு யாருக்குத் திறக்கிறது பாருங்கள்.

காசுக் கதை இன்னும் மோசம். லண்டனுக்கு வெளியே படிக்கிற மாணவன், படிப்புக் கட்டணம் தவிர, வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,023 பவுண்ஸ் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்டவேண்டும் என்பது அப்போதைய விதி. 9,207 பவுண்ஸ். அன்றைக்கு ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபா. ஆக 37 இலட்சம். அதுவும் வங்கியில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். கோழி அடைகிடந்தாலே 21 நாளில் குஞ்சு வந்துவிடும். இந்தக் காசு 28 நாள் அடைகிடந்தும் ஒன்றும் பொரிக்காது, சொந்தக்காரரிடம் அப்படியே திரும்பிப் போகும். மாமாவின் உழவு இயந்திரம் விற்ற காசு, சித்தியின் காப்பு அடகு வைத்த காசு, கனடா அத்தை 'காட்டுறதுக்கு மட்டும்' என்று பலமுறை சொல்லி அனுப்பிய காசு என்று எல்லாம் ஒரே கணக்கில் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்தபடி கிடந்தன. அந்த 28 நாளும் அம்மா மச்சம் சமைக்கவில்லை. வங்கிக் கணக்குக்கு விரதம் இருந்த முதல் பெண்மணி என் அம்மாவாகத்தான் இருக்கும்.

அமெரிக்கன் எவ்வளவு காட்டினான் என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பத்திரங்களை வழக்கமாகக் கேட்கத் தேவையில்லை என்று பிரித்தானியா ஒரு நாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அமெரிக்கா உண்டு, இலங்கை இல்லை.

ஆங்கிலச் சோதனையும் அப்படித்தான். அவனுக்கு விலக்கு, எனக்கு ஐஈஎல்ரிஎஸ். இதில் ஒரு சரித்திரப் பகிடி இருக்கிறது. எங்கள் ஆக்களுக்கு முறையாக ஆங்கிலம் படிப்பித்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் அமெரிக்க மிசனரிகள். வட்டுக்கோட்டையில் அவர்கள் செமினரி தொடங்கியது 1823இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். சரியாக 200 வருசம் கழித்து, 2023இல், அமெரிக்கன் சொல்லித்தந்த ஆங்கிலம் எனக்கு உண்மையில் தெரியுமா என்று பிரித்தானியன் காசு வாங்கிச் சோதனை வைக்கிறான். ஐயோவாக்காரனிடம் இதை விளக்கியபோது, வட்டுக்கோட்டை என்ற பெயரைச் சொல்ல முயன்று பாதியில் கைவிட்டுவிட்டு, "மன்னித்துக்கொள்" என்றான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விசாப் படிவத்தில் முகவரி கேட்கிற பகுதியைப் பற்றியும் ஒரு சொல். இந்த வீட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறீர் என்று கேட்கிறார்கள். 1996இல் போரால் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்தபோது நகரமே எழும்பி ஸ்கந்தபுரத்துக்கு வந்தது. நாங்கள் நகரத்துக்குப் போகாமலே நகரவாசிகளானோம். 2008இல் நாங்களும் எழும்பினோம். அதற்குப் பிறகு இருந்த இடங்களில் முகவரி என்று சொல்லக்கூடியது ஒன்றும் கிடையாது. மரத்தின் பெயர் சொல்லலாம். படிவத்தில் மரத்துக்குப் பெட்டி இல்லை. மீள்குடியேறிய திகதியைப் போட்டேன்.

சரி, கடதாசியில் அவன் ராசா. வீட்டுக்குள் வந்தபிறகு ஆட்டம் மாறியது.

முதலில் பிளக். என் சார்ஜர் சுவரில் நேராகப் போய் உட்கார்ந்தது. இங்கிலாந்தின் சதுரக் கால் மூன்று பின் பிளக்கையே இலங்கையும் தரமாக எடுத்துக்கொண்டதால் வந்த வசதி. அமெரிக்கன் பிளக்கை மாற்ற ஒரு அடப்டர் வாங்கினான். ஆனால் அடப்டர் காலைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. அவனுடைய நாட்டில் 120 வோல்ற், இங்கே 230. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சோளம் பொரிக்கிற மெசினைக் குசினியில் செருகினான். சோளம் பொரியவில்லை, மெசின் பொரிந்தது. தீ அலாரம் அலறி ஐந்து பேரும் வீதியில் நின்றோம். அடுத்த நாள் வீட்டுக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: மசாலா போட்டுச் சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி வைக்கவும். மின்னஞ்சல் எனக்கு மட்டும்.

வீதி கடப்பதிலும் நான்தான் முன்னுக்கு. இலங்கையிலும் இங்கிலாந்திலும் வாகனம் இடப்பக்கம். அமெரிக்கன் ஒவ்வொரு முறையும் தவறான பக்கம் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு இறங்குவான். முதல் மாதங்களில் அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தே என் வலக்கை பலப்பட்டது. ஏ9 வீதியில் பஸ்சுக்கு விலகி வளர்ந்தவனுக்கு இங்கிலாந்து வீதி ஒரு பூங்கா.

தேத்தண்ணி விசயத்தில் நான் நடுநிலை வகிக்க முயன்று தோற்றேன். அவன் கோப்பையில் பச்சைத் தண்ணியை ஊற்றி, மைக்ரோவேவில் வைத்து, அதற்குள் தேயிலைப் பையைப் போட்டான். எங்களோடு இருந்த ஆங்கிலேயப் பெண் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்த நாட்டில் நான் கண்ட ஒரேயொரு வெளிப்படையான ஆங்கிலேயத் துக்கம் அதுதான். 1773இல் பொஸ்ரன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய சாதியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று நான் சொன்னேன். அன்று முதல் அவள் என்னை நம்பத் தொடங்கினாள்.

ஆங்கிலேயர் வழியில் கண்டால் "ஓல்ரைற்?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார்கள். அமெரிக்கன் நின்று உண்மையைச் சொல்லத் தொடங்குவான்: நித்திரை சரியில்லை, முதுகு நோகிறது, கட்டுரை முடியவில்லை. கேட்டவர் அதற்குள் அடுத்த சந்தியில் நிற்பார். எனக்கு இது பழகின விளையாட்டு. ஊரில் சைக்கிளில் போகும்போது "எங்கை, உதிலையோ?" என்று கேட்பார்கள், "ஓம், உதிலைதான்" என்று சொல்லிவிட்டு மிதிப்போம். எதிலை என்று யாரும் கேட்பதில்லை.

குளிரில் மட்டும் இரண்டு பேரும் சமம். ஐயோவாவில் வெளியே சைபருக்குக் கீழே 20 பாகை என்றாலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரிவார்களாம். இங்கே வெளியே அப்படிக் குளிர் இல்லை, உள்ளேதான் குளிர். வீட்டுக்காரர் எங்கோ இருந்து தன் தொலைபேசியால் ஹீற்றரை அணைப்பார். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டுப் பார்த்தவன் என்பதால் நான் முணுமுணுக்கவில்லை. அமெரிக்கன் ஓவன் கதவைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் கதிரை போட்டுப் படித்தான்.

முதலாவது கட்டுரைக்குப் புள்ளிகள் வந்தபோது அவன் அழாக்குறை. 68. அவனுடைய நாட்டில் 68 என்றால் வீட்டுக்குச் சொல்லக்கூடாத புள்ளி. இங்கே 50 சித்தி, 60 நல்ல சித்தி, 70 என்றால் உச்சம்; அதற்கு மேலே பேராசிரியர்கள் தங்கள் நண்பர்களுக்கு வைத்திருக்கிறார்கள் போல. எனக்கு 72. உயர்தரத்தில் 75 எடுத்தால்தான் ஏ என்ற கணக்கில் வளர்ந்தவன், ஆனாலும் சந்தோசமாக அம்மாவிடம் சொன்னேன். "மற்ற 28உம் எங்கையடா?" என்றார்.

விடுமுறையில் லண்டன் போனால் அல்பேர்ட்டனில் சித்தப்பா வீடு. வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "கேஸ் போட்டாச்சோ?" அகதி வழக்கைத்தான் கேட்கிறார்கள். இல்லை, படிக்கிறேன் என்றால், "அது ஓம். கேஸ் எப்ப?" படிப்பு முடிய ஊருக்குப் போகப்போகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு மாமி என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

இனித்தான் 2024 ஜூலை 4. அமெரிக்கனுக்கு அது சுதந்திர தினம், பிரித்தானியாவில் பொதுத்தேர்தல். அங்கே வசிக்கிற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள், விசா ஒழுங்காக இருந்தால், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆளடையாளத்துக்கு எங்கள் கடவுச்சீட்டே செல்லும். அதாவது, நெஞ்சைப் படம் பிடித்து, 28 நாள் காசைக் காவல் வைத்து, ஆங்கிலம் தெரியுமா என்று சோதித்து உள்ளே விட்ட ஸ்கந்தபுரத்தான் பிரித்தானியாவை யார் ஆளவேண்டும் என்று சொல்லலாம். கமராவுக்குச் சிரித்துவிட்டு உள்ளே வந்த அமெரிக்கன் சொல்லக்கூடாது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று சண்டை பிடித்து நாடு எடுத்தவர்களின் பிள்ளை, 20 வீதம் வற் வரியைப் பியருக்குக் கட்டிக்கொண்டு, தன் சுதந்திர தினத்தில், ஒரு தேவாலய மண்டபத்துக்கு வெளியே எனக்காகக் காத்து நின்றான். அவனுக்குத் துணையாகக் கட்டிவிடப்பட்ட இரண்டு நாய்கள். அவற்றின் சொந்தக்காரர்களும் உள்ளே வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பென்சிலால் புள்ளடி போட்டுவிட்டு, பழக்கதோசத்தில் இடக்கைச் சின்னவிரலை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "காயமா, கண்ணா?" என்றார். அங்கே மை பூசுவதில்லை.

அன்றிரவு ஸ்ராற்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண். விடிய அம்மா தொலைபேசி எடுத்தார். "எங்கடை பிள்ளைக்குத்தானே போட்டனீ?"

"அது வேறை தொகுதி அம்மா, லண்டனிலை."

"பேந்தென்னத்துக்கு அவ்வளவு காசு கட்டி வேறை தொகுதியிலை போய்ப் படிக்கிறாய்?"

ஊரிலிருந்து அங்கே படிக்கப் போகிற தம்பி தங்கைகளே, வீடு பிடித்தவுடன் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியுங்கள். ஒன்லைனில் சில நிமிட வேலை. அதற்கு மட்டும் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.