ஆயிரத்து நாற்பதாம் மணி

பெறுநர்: மாட்சிமை பொருந்திய அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையார், வாஷிங்டன்
பொருள்: 1,040ஆம் மணி நேரத்தைப் பற்றிய பணிவான ஐயம்

2025 சனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்ட பணிநியமனத் தடையை ஒட்டி, கோடைப் பருவத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு நியமன உறுதியும் பெற்று, வேறு வேலைகளை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு, அந்நியமனம் திரும்பப் பெறப்படுகிறது என்ற மின்னஞ்சலைச் சேவையார் அனுப்பியருளியது கருணையின் பாற்பட்டதென்றே கொள்ளத்தக்கது. மே மாதத்தில் சேர்ந்து அக்டோபரில் வெளியேறும் துயரத்தை, சேர்வதற்கு முன்பே வெளியேற்றியதன் வாயிலாகச் சேவையார் அடியோடு ஒழித்துவிட்டனர். பின்னர் பிப்ரவரியில் மனமிரங்கி, 7,700 பருவப் பணியாளர்கள் வரை அமர்த்தலாம் என்ற அறிவிப்பும் வந்தது. எடுத்ததைத் திருப்பித் தருவதையும் கொடை என்று எண்ணும் பழக்கம் பெரிய இடங்களில் புதிதன்று.

பருவப் பணியாளர் என்பவர், பூங்காக்களில் கூட்டம் மிகும் மாதங்களுக்கு மட்டும் வாயிற்கட்டணம் வாங்கவும், பாதைகளைச் செப்பனிடவும், கழிப்பறைகளைக் கழுவவும், வழிதவறியவர்களைத் தேடவும் அமர்த்தப்படும் தற்காலிக ஊழியர். வாரத்துக்கு 40 மணி என்ற கணக்கில் ஓராண்டின் வேலை நேரம் 2,080 மணி. அதில் பாதி 1,040. பருவப் பணி என்பது ஒரு பணியாண்டில் அந்தப் பாதியைத் தொடாமல் முடிய வேண்டும் என்று விதி சொல்வதால், அனுமதிக்கப்பட்ட எல்லை 1,039 மணியாகும். இத்தொழிலில் உள்ளோர் இப்பணியையே 'டென் தர்ட்டி நைன்' என்று எண்ணால் அழைக்கின்றனர். பணிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது.

இங்கேதான் ஐயம் எழுகிறது. 1,039 மணி நேரமும் கரடிக்கும் அதனோடு படம் எடுத்துக்கொள்ளத் துடிக்கும் பயணிக்கும் நடுவில் நின்று இரு உயிர்களையும் காக்கத் தகுதி பெற்றிருந்த ஒருவர், அடுத்த மணி அடித்ததும் என்னவாக உருமாறுகிறார் என்பதை எந்த விதிநூலும் விளக்கவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம், குளிகை என்று விலக்கத்தக்க பொழுதுகள் உண்டு. அமெரிக்கப் பஞ்சாங்கத்தில் 1,040ஆம் மணி அவற்றோடு வைத்து எண்ணத்தக்கது. ஆயினும் ராகுகாலம் ஒன்றரை மணியில் கழிந்துவிடும். யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்னும் வெந்நீர் ஊற்றும் ஏறத்தாழ அதே இடைவெளியில் பொங்கி, வரம்பேதுமின்றி ஆண்டு முழுவதும் ஓயாமல் உழைக்கிறது. அதன் மணிக்கணக்கை எவரும் இதுவரை சரிபார்க்காதது அதன் நல்லூழ்.

1936ஆம் ஆண்டுக் கோடையில் அதே யெல்லோஸ்டோனில் ஜெரால்டு ஃபோர்டு என்ற இளைஞர் பருவக் காவலராக இருந்தார். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். பூங்காக் காவலராக இருந்து அப்பதவிக்கு வந்தவர் அவர் ஒருவரே என்பதைச் சேவையார் பெருமையுடன் நினைவூட்டுவதுண்டு. அப்பெருமை நியாயமானதே. குடியரசுத் தலைவர் பதவியும் காலவரம்புள்ள தற்காலிகப் பணிதான் எனினும், ஒரு பதவிக்காலத்தில் 35,000 மணிக்கு மேல் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. பருவக் காவலர் ஒருவர் 1,040ஆம் மணியைக் கண்ணால் காண வேண்டுமாயின், வெள்ளை மாளிகை வழியே செல்வதுதான் எளிது போலும்.

விண்ணப்ப முறையின் நுட்பம் தனியே போற்றத்தக்கது. கோடை வேலைக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யூஎஸ்ஏஜாப்ஸ் என்ற அரசுத் தளத்தில் வெளிவருகின்றன; அவற்றுள் சில, குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வந்ததும் கதவை அடைத்துக்கொள்கின்றன. விண்ணப்பதாரர் தம் திறமைக்குத் தாமே மதிப்பெண் இடும் வினாத்தாள் ஒன்று உண்டு. அதில் அடக்கத்தோடு 'ஓரளவு தெரியும்' என்று குறித்தவர் பின்தங்குவார்; எல்லாவற்றிலும் 'வல்லுநர்' என்று குறித்தவர் முந்துவார். அடக்கம் அமரருள் உய்க்கலாம், பணியாளர் பட்டியலில் உய்ப்பதில்லை. முந்தைய ஒவ்வொரு பணிக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை எழுத மறந்தால், அதே பூங்காவில் எத்தனை கோடைகள் கழித்திருந்தாலும் அந்த அனுபவம் கணக்கில் வராமல் போகும். 1956, 1957 ஆகிய இரு பருவங்கள் ஆர்ச்சஸ் என்னும் பாலைவனப் பூங்காவில் காவலராக இருந்து, அந்தப் பாலைவெளியை உலகறியச் செய்த எழுத்தாளர் எட்வர்டு ஆபி, இன்று விண்ணப்பித்தால் இந்த ஒரு கட்டத்தை நிரப்பாமலே விட்டிருக்கக்கூடும்.

2025 மே மாதம் கூட்டரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் இதற்கு மேலும் மெருகேற்றியது. தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கங்களை மீறலாகாது என்றும், ஜி.எஸ். 5 என்ற ஊதியநிலையிலும் அதற்கு மேலும் உள்ள வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 200 சொற்களுக்குள் விடையளிக்க வேண்டிய நான்கு கட்டுரை வினாக்கள் உண்டு என்றும் அதன் திட்டம் கூறிற்று. குடியரசுத் தலைவரின் ஆணைகளில் மனத்தைத் தொட்ட ஒன்றிரண்டைக் குறிப்பிட்டு, அவற்றை நிறைவேற்ற எவ்வாறு உதவப்போகிறார் என்பதை விளக்குவது அவற்றுள் ஒன்று. பதிலளிக்காதோர் நீக்கப்படமாட்டார்கள் என்று பின்னர் விளக்கம் வந்தது. வழிகாட்டிப் பணிகள் பலவும் அதே 5ஆம் நிலையில்தான் உள்ளன. பனிப்பாறை எப்படி உருவாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க வருபவர், அதற்கு முன் தம் மனத்தைத் தொட்ட ஆணையைப் பற்றிச் சிந்திப்பது அறிவுக்கு நல்லதென்பதில் ஐயமில்லை.

பணியின் பயன்களையும் கூறியாக வேண்டும். தங்குமிடம் தரப்படுமாயின் அதன் வாடகை சம்பளத்திலேயே பிடிக்கப்படும். பருவம் முடிந்ததும் வேலையோடு கூரையும் போகும். இத்தற்காலிகப் பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் ஏறாது. அடுத்த ஆண்டு அதே பூங்கா விரும்பினால் மீண்டும் அழைக்கலாம். அழைத்தே ஆக வேண்டும் என்ற கடமை அதற்கில்லை. 2015இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, இரண்டாண்டு இடைவெளி விழாமல் மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் தற்காலிகமாகப் பணியாற்றியவருக்குப் பெரும் பரிசொன்று வழங்கியது: நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே திறந்திருந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் உரிமை. ஒரு பருவம் ஆறு மாதத்துக்குக் குறைவு என்பதால், விண்ணப்பிப்பதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஐந்து பருவங்கள் வேண்டும். குறையைச் சரிக்கட்டுவதற்கு ஒரு பழஞ்சொல்லும் உண்டு: காவலர்கள் சம்பளம் பெறுவது சூரிய அஸ்தமனங்களில். அஸ்தமனத்தை வாடகைக்குப் பதிலாக எந்த வீட்டுக்காரரும் ஏற்றதாகச் செய்தியில்லை.

2024இல் இப்பூங்காக்களுக்கும் சேவையாரின் பிற இடங்களுக்குமாக 33 கோடியே 19 லட்சம் வருகைகள் பதிவாயின. அதுவரை அதற்கு நிகரில்லை. 2025 பிப்ரவரி 14 அன்று, தகுதிகாண் பருவத்தில் இருந்த ஏறத்தாழ 1,000 ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டனர். அடுத்த வாரம் யோசமிட்டிப் பூங்காவின் எல் கேப்பிடன் பாறையில் ஊழியர்கள் நாட்டுக்கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டனர்; அது ஆபத்தில் உள்ளோர் உதவி கேட்கும் குறி. ஏப்ரல் 3இல் உள்துறைச் செயலர் இட்ட ஆணை, பூங்காக்கள் திறந்தே இருக்க வேண்டும் என்றது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வது நிர்வாகமன்று, ஏமாற்று. மலையிடுக்கில் கால் முறிந்து கிடப்பவனுக்குக் கயிறு கட்டி இறங்குபவரை, ஆண்டுதோறும் தூக்கியெறிந்து ஆண்டுதோறும் பொறுக்கிக்கொள்ளும் பொருளாக நடத்துவது கொடுமை. அதை மணிக்கணக்கென்று அழைப்பது அதனினும் கொடுமை.

சொல் சற்றே மிகுந்துவிட்டது. 1,040ஆம் மணியை நெருங்குவோருக்கு இத்தகைய தடுமாற்றம் இயல்பென்று சேவையார் பொறுத்தருள்வர். 1916 ஆகஸ்ட் 25இல் பிறந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வரம்பின்றிப் பணியில் நீடிக்கும் அவர்களுக்கு இம்மடல் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: 1,040ஆம் மணியில் நிகழ்வது யாதென விளக்கியருள வேண்டும். விடை 200 சொற்களைத் தாண்டலாகாது. அதை எழுத வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செலவிடப்பட்டது என்று குறிப்பிடாத விடை, தகுதியற்றதாகக் கருதப்படும்.

இங்ஙனம்,
'தகுதியுண்டு, பரிந்துரையில்லை' என்ற பதிலைப் பெற்றோர்